தையல்நாயகி வீட்டுப் பந்தி

எட்டாம் முகாமில் யாரும் யாரையும் பார்த்து "சாப்டீங்களா?" என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒவ்வொருவர் இடது மணிக்கட்டிலும் விரலகலத்துக்கு ஒரு பட்டை, அதில் மிளகளவு ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. மஞ்சள் என்றால் பசி. சிவப்பு என்றால் பசி முற்றிவிட்டது. எதிரில் வருகிறவர் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்போது எதற்கு மெனக்கெட்டு வாயைத் திறக்க வேண்டும்? பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், போய்விடுவார்கள்.

தையல்நாயகிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வெளியே சொன்னால் நன்றி கெட்டவள் என்று பேர் வரும் என்பதால் புருஷன் கலியபெருமாளிடம் மட்டும் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வாள். அவர் உப்பளத்தில் வேலை பார்த்தவர். பேச்சை அவ்வளவாகச் செலவழிக்காத மனுஷன். "ம்" என்பார். அந்த "ம்" ஒத்துக்கொண்டதா மறுத்ததா என்று முப்பது வருஷமாக அவளுக்குப் புரிந்ததில்லை.

நாகப்பட்டினத்துக் கரையெங்கும் கடல் ஊருக்குள் வந்து, வந்த கடல் திரும்பிப் போகாமலே இருந்துவிட்டது. அங்கிருந்தவர்களை அள்ளிக்கொண்டு வந்து ஊத்தங்கரைக்கு மேற்கே, பாறையும் சீமைக்கருவேலமுமான மேட்டில் தகர வீடுகள் கட்டி வைத்தார்கள். தொடக்கத்தில் லாரியில் அரிசி மூட்டை வந்தது. வந்ததும் ஒரே அடிதடி. தோள் பலம் இருந்தவன் மூட்டையோடு போனான், கிழவர்களும் பிள்ளை சுமந்த பெண்களும் வெறும் கோணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மழைக்காலத்தில் மட்டும் மேட்டின் ஓரத்தில் எத்தனை சின்னக் குழிகள் தோண்டினார்கள் என்பதை இப்போது யாரும் பேசுவதில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த இயந்திரம் வந்தது. முகாமின் மேற்குக் கோடியில், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே அரிசிமாவு, பருப்புமாவு, எண்ணெய், மருந்து எல்லாம் இருந்தன. கையிலிருக்கும் பட்டை இன்னாருக்குப் பசி, இன்னாருக்கு ரத்தம் கம்மி, இன்னாருக்குச் சர்க்கரை என்று சொல்லச் சொல்ல, அந்தந்த உடம்புக்கு வேண்டியதை அது சமைத்து, பொட்டலம் கட்டி, கணுக்கால் உயரத்தில் உருண்டு வரும் குட்டி வண்டிகளில் அனுப்பும். பொட்டலத்தில் பட்டையை வைத்தால்தான் திறக்கும். அடுத்தவன் கைக்குத் திறக்காது. இயந்திரத்துக்குச் சனங்கள் படியளந்தான் என்று பேர் வைத்தார்கள். குட்டி வண்டிகளுக்கு ஆமை என்று பேர்.

படியளந்தான் வந்த நாளிலிருந்து முகாமில் ஒரு குழந்தை கூடச் சோறில்லாமல் சாகவில்லை. தையல்நாயகி அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அவள் குறை வேறு.

குறை என்னவென்றால், மகள் நீலாயதாட்சிக்கு ஏழாம் மாதம். புதன்கிழமை வளைகாப்பு. வியாழக்கிழமை காலையில் மைமூன் முகாமைவிட்டுப் போகிறாள்.

மைமூன் யார் என்று சொல்லிவிடுவோம். கடல் உள்ளே வந்தபோது தையல்நாயகி, கலியபெருமாள், நீலா மூன்று பேரும் நாகூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில் போய் ஒண்டினார்கள். அது மைமூன் வீடு. முன்பின் தெரியாது. வீட்டில் இருந்தது ஒரு மூட்டை அரிசி. தண்ணீர் வடிகிற வழியைக் காணோம், படியேறி வருகிற ஆட்களும் குறைந்தபாடில்லை. மைமூன் ஒருத்தர் முகத்தையும் பார்த்து யோசிக்கவில்லை. கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிக்கொண்டே இருந்தாள். எல்லாரும் குடித்து முடித்த பிறகு சட்டியைச் சுரண்டி அவள் குடிப்பதைத் தையல்நாயகி தினமும் பார்த்தாள். படகு வந்து ஏற்றிக்கொண்ட அன்றைக்கு, "லாத்தா, ஒரு நாள் என் வீட்டுல நீங்க கை நனைக்கணும்" என்றாள். நாகூர்க்காரர்கள் அக்காவை லாத்தா என்பார்கள், அந்த மாடியில் பழகிக்கொண்ட சொல் அது. "அதுக்கென்ன புள்ள, நனைச்சா போச்சு" என்றாள் மைமூன்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் தையல்நாயகியால் மைமூனுக்கு ஒரு வாய் சோறு போட முடியவில்லை. மைமூன் சோறு மைமூனுக்கு வருகிறது, இவள் சோறு இவளுக்கு வருகிறது. இப்போது மைமூனின் மகனுக்குத் திருப்பூரில் வேலையும் வீடும் கிடைத்துவிட்டன. வியாழக்கிழமை போனால் போனதுதான்.

திங்கட்கிழமை காலையில் தையல்நாயகி உணவு அதிகாரி எபனேசரைப் போய்ப் பிடித்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன், முப்பது வயதுகூட இராது. படியளந்தானுக்கும் சனங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் அவன் உத்தியோகம்.

"தம்பி, புதன்கெழம எனக்கு ஒரு அண்டா சோறு வேணும்."

"அண்டாவா? எதுக்குக்கா?"

"நீலாவுக்கு வளகாப்பு. வரிசைல உள்ள அத்தன பேரையும் கூப்புட்டிருக்கேன். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் போடணும். அது முடியாதுன்னா ஒரே ஒரு வெறுஞ்சோறு போதும். பொதுவா ஒரு அண்டாவுல வரணும், நான் அள்ளிப் போடணும். அவ்வளவுதான்."

எபனேசர் கையிலிருந்த கணினிப் பலகையைத் தடவிப் பார்த்தான். தடவினால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்பது அவனுக்கே தெரியும்.

"அக்கா, இதுகிட்ட அண்டான்னு ஒண்ணு கேக்கவே முடியாது. ஒரு பிடி செய்யணும்னாலும் யாருக்குன்னு கேக்கும்."

"வர்றவங்களுக்குன்னு சொல்லுங்க."

"வர்றவங்கன்னு ஒரு ஆளு அதுல இல்லக்கா."

தையல்நாயகி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஊருல எங்க வீட்டுல தெனமும் ஒரு ஆளு சோறு கூடத்தான் வடிப்போம். யாருக்குன்னு தெரிஞ்சா வடிச்சோம்? யாராச்சும் வருவாங்க. இவ்வளவு பெரிய மிஷினுக்கு அது தெரியாதா?"

"பொதுவா போட்ட காலம் ஒங்களுக்கே ஞாபகம் இருக்கும்லா" என்றான் அவன், மெதுவாக. "பொதுன்னு வந்தா முந்துறவன் கைக்குப் போயிரும். அதுக்குத்தான் ஒவ்வொரு பருக்கைக்கும் ஒரு கை வேணும்னு வச்சாங்க. இன்னொண்ணும் சொல்லுதேன், கேளுங்க. ஒங்க வரிசைல பாதிப் பேரு சோத்துல மருந்து இருக்கு. ஒருத்தர் பொட்டலத்த இன்னொருத்தர் தின்னா ஆபத்து. மாத்திக் குடுக்கக் கூடாதுன்னு விதி போட்டது அதுக்காகத்தான்."

"என் சோத்துல என்ன மருந்து இருக்கு?"

அவன் பலகையைப் பார்த்தான். "ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. சுகர் இல்ல, பிரஷர் இல்ல. வெறும் சோறுதான்."

"அம்பத்திரண்டு வயசு" என்றாள் தையல்நாயகி, கொஞ்சம் பெருமையாகவே. "ஒரு மாத்திர முழுங்குனதில்ல." சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். வழி பிறந்துவிட்டது அவளுக்கு.

வழி இதுதான். அண்டா கிடைக்காவிட்டால் போகட்டும். வருகிறவர்கள் மத்தியானம் அவரவர் பொட்டலத்தை அவரவர் மடியில் வைத்துத் தின்றுகொள்ளட்டும், முகாமில் எல்லா விசேஷமும் அந்த லட்சணத்தில்தான் நடக்கிறது. மைமூனுக்கு மட்டும் தன் பங்கைப் போடுவாள். அதில்தான் மருந்தே இல்லையே. காலைச் சோறும் மத்தியானச் சோறும் சேர்ந்தால் ஒரு இலை நிறைந்துவிடும். ஒரு பகல் பட்டினி கிடந்தால் உயிரா போய்விடும்?

"மைமூன் லாத்தா லேசுப்பட்ட ஆளில்லம்மா" என்றாள் நீலா. "ஒன் கையில மஞ்ச எரியுறதப் பாத்தாங்கன்னா எலைல ஒக்கார மாட்டாங்க."

"பாத்தாத்தானே?"

மாப்பிள்ளை ஓசூரிலிருந்து வளைகாப்புக்காக ஒரு பெட்டி கண்ணாடி வளையல் கொண்டுவந்திருந்தான். தையல்நாயகி அதில் ஒரு டஜன் எடுத்து இடது கையில் நெருக்கமாக அடுக்கிப் பட்டைக்கு மேலே தள்ளிப் பார்த்தாள். விளக்கு போன இடம் தெரியவில்லை. நீலா சிரித்துவிட்டாள். "கெட்டிக்காரிதான் நீ. பெத்த பொண்ணுக்கு முன்னாடி ஒனக்கு வளகாப்பு நடக்குது."

புதன்கிழமை விடிந்ததும் ஆமை வாசலில் வந்து நின்றது. "தையல்நாயகி, உங்கள் காலை உணவு" என்றது. அவள் பொட்டலத்தை எடுக்கவில்லை. எடுக்கும்வரை அது நகராது, சூடும் ஆறாது. ஆனால் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கும். அக்கம்பக்கம் கேட்டால் வம்பு என்று ஒரு கூடையை எடுத்து அதன்மேல் கவிழ்த்தாள். கூடைக்குள்ளிருந்து, "தையல்நாயகி, உங்கள் காலை உணவு" என்று முனகிக்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு நல்ல நேரம். நீலாவை நடுவில் உட்காரவைத்துச் சந்தனம் பூசி, வரிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து வளையல் போட்டார்கள். போட்டவர்களுக்கும் இரண்டு கை நிறைய வளையல் கொடுத்தார்கள். கலகலவென்று வீடே சத்தமாக இருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. எல்லாப் பெண்களின் பட்டையும் வளையலுக்கு அடியில் போய்விட்டது. யார் கையில் பச்சை, யார் கையில் மஞ்சள் என்று பார்க்க வழியில்லை. பார்க்க முடியாமல் போகவும், பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பழக்கமில்லாத ஒரு தயக்கத்தோடு இன்னொருத்தியிடம், "காலைல சாப்டியாடி?" என்றாள்.

வளையல் போட்டு முடிந்ததும் தையல்நாயகி பாயை விரித்து, மந்தார இலையைப் போட்டு, மைமூனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீ சாப்புடாம எனக்குப் போடுறியா புள்ள?"

"நான் அப்பவே முடிச்சாச்சு லாத்தா."

"அல்லாவுக்குப் பொதுவா சொல்லு."

"எலையப் பாத்து ஒக்காருங்க லாத்தா, சோறு வருது." கூடையைத் தூக்கி, பொட்டலத்தில் பட்டையை வைத்துத் திறந்தாள். புளிச்சோறு. மொத்தத்தையும் இலையில் கவிழ்த்தாள். மைமூன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்ததைப் பார்த்தபோது தையல்நாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். வாசலில் ஆமை நின்றது.

"தையல்நாயகி, உங்கள் உணவு."

மத்தியானச் சோறு இன்றைக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்தாள். திறந்தாள், எலுமிச்சஞ்சோறு. பாதியை மைமூன் இலையில் போட்டாள். மீதியை மைமூனின் பேத்திக்கு ஒரு இலை போட்டு வைத்தாள். வைத்து நிமிர்வதற்குள் இன்னொரு ஆமை. தேங்காய்ச்சோறு. அடுத்தது தயிர்ச்சோறு. அதற்கப்புறம் வந்த ஆமை இரண்டு பொட்டலமாகத் தூக்கிக்கொண்டு வந்தது.

சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளையிடம் தாய் இது வேண்டாமா, அப்போ இது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் காட்டுவாளே, படியளந்தான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. பொட்டலத்தைத் திறந்தாள், ஆனால் பசி குறையவில்லை. புளிப்பு பிடிக்கவில்லை போலும், வேறு ருசி அனுப்பு. இதுவும் போதவில்லை, கூட அனுப்பு. ஒரு மனுஷி வயிற்றில் பசியை வைத்துக்கொண்டு, திறந்த சோற்றில் ஒரு பருக்கைகூட வாயில் வைக்காமல் இருப்பாள் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

தையல்நாயகிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வருகிற சோற்றை வைத்துக்கொண்டு சும்மா நிற்கத் தெரியாது என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. "ஏங்க, எலையப் போடுங்க" என்றாள். கலியபெருமாள், "ம்" என்று எழுந்து இலையைப் போட்டுக்கொண்டே போனார். வரிசையே உட்கார்ந்தது. அவள் குனிந்து குனிந்து பரிமாறினாள். நடக்க நடக்கப் பசி கூடியது. பசி கூடக் கூட ஆமைகள் கூடின. எறும்பு மாதிரி ஒன்றின் பின் ஒன்றாகக் கொட்டகையிலிருந்து அவள் வாசல்வரை வந்து நின்றன.

இரண்டாம் பந்தி நடுவில் எபனேசர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"யாருக்கு என்ன ஆச்சு? ஒங்களுக்கு வாந்தியாக்கா? மயக்கமா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"எத்தன சோறு தின்னாலும் ஒங்களுக்குப் பசி அடங்கலன்னு அங்க மணி அடிக்குது. கையக் காட்டுங்க." வளையல்களை ஒதுக்கிப் பார்த்தான். சிவப்பு. பிறகு நிமிர்ந்து பாயைப் பார்த்தான், இலைகளைப் பார்த்தான், வரிசையாக நிற்கும் ஆமைகளைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. மைமூனுக்கும் விளங்கிவிட்டது. "அப்பவே முடிச்சாச்சுன்னு சொன்னியேடி" என்றாள் இலையிலிருந்து.

"நேத்து ராத்திரி முடிச்சதச் சொன்னேன் லாத்தா" என்றாள் தையல்நாயகி.

எபனேசர் தலையில் கை வைத்தான். "அக்கா, அதுக்குப் பசிதான் தெரியும், சோறு எங்க போச்சுன்னு தெரியாது. நீங்க பசியோட இருக்குற வரைக்கும் அனுப்பிக்கிட்டே இருக்கும். ஒரு வாய் தின்னீங்கன்னா நின்னுரும்."

தையல்நாயகியின் கையிலிருந்த பொட்டலம் அப்படியே நின்றது. அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப இது யாரு பங்கு தம்பி?"

"என்னக்கா?"

"நான் இவ்வளவு நேரமா அள்ளிப் போட்டது. எங்கேருந்து வருது? எந்தப் புள்ள வயித்துல அடிச்சு எனக்கு அனுப்புது?" அந்த மழைக்காலத்தையும் மூட்டையோடு போனவர்களையும் அவள் மறக்கவில்லை. தானும் அப்படி ஒருத்தியாகிவிட்டோமோ என்று பயந்துபோனாள். "தெரியாம செஞ்சுட்டேன். வேணாம். நிப்பாட்டிருங்க."

பந்தியே கையை இலையில் வைத்தபடி நின்றுபோயிற்று. எபனேசர் பலகையைத் தடவினான். ஒரு தரம் பார்த்தான், நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தான்.

"யாரு பங்கும் இல்லக்கா" என்றான். "இங்க தின்ன ஒருத்தருக்கும் மத்தியானப் பொட்டலம் செய்யவே இல்ல. தின்னதுல அவங்களுக்கெல்லாம் பச்ச எரிஞ்சிருச்சு. பசி இல்லாதவங்களுக்கு அது செய்யாது. தனித்தனியா செய்ய வேண்டியத ஒங்க ஒருத்தி பேருல செஞ்சிருக்கு. மொத்தத்துல ஒரு பிடி கூடல, கொறையல. மருந்து எடுக்குறவங்களுக்கு மருந்த மட்டும் சாயங்காலம் அனுப்பிரும்."

"அப்ப ஒரே அண்டா."

"ஆமாக்கா. ஒரே அண்டாதான்."

தையல்நாயகி கையிலிருந்த பொட்டலத்தைத் திறந்து அடுத்த இலையில் போட்டாள். அவன் மட்டும் சங்கடமாக நெளிந்தான். "இருந்தாலும் ஒங்க பட்டையக் கழட்டி மாத்தணும். இப்படி மணி அடிச்சா கழட்டணும்னு விதி. கழட்டுனா அதோட இது நின்னுரும்."

"கழட்டுங்க. கடைசி எலை எந்திரிச்சப்பறம் கழட்டுங்க. இன்னும் ஒரு பந்தி இருக்கு."

"அதுவரைக்கும் நீங்க பட்டினியா? மயங்கி விழுந்துருவீங்க."

"வீட்டுக்காரி மொதல்ல தின்னா அதுக்குப் பேரு விருந்தா?" என்றாள் அவள்.

அவன் மறுபடியும் பலகையைத் தடவிக்கொண்டு நின்றபோது நீலா கழுத்து நிறைய மாலையும் கை நிறைய வளையலுமாக உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டாள். "நீங்க சாப்டீங்களாண்ணே?"

எபனேசர் பதில் சொல்வதற்காகத் தன் கையைத் திருப்பி விளக்கைப் பார்த்தான். பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாரோ தன்னைப் பார்த்து இதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவனுக்கு நினைவில்லை. கலியபெருமாள் ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். "நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் ரோசிப்பீங்க தம்பி? ஒக்காருங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. எபனேசர் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

மூன்றாம் பந்தி முடிந்து இலை எடுத்துப் பாய் சுருட்டியபோது வெயில் சாய்ந்துவிட்டது. நீலா அசந்து தூங்கினாள். தையல்நாயகி இடத்தைக் கூட்டி, கை கால் கழுவி, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். இனி தன் சோறு வரட்டும் என்று காத்திருந்தாள். ஆமைகள் எதுவும் வரவில்லை. கொட்டகையிலிருந்து வரும் பாதை வெறிச்சென்று கிடந்தது. எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சாயங்கால மருந்து கொண்டுவந்த இரண்டு, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின.

எபனேசர் புதுப் பட்டையோடு வந்தான். "இப்ப மாத்திரலாமாக்கா?" என்று வளையல்களை ஒதுக்கியவன் அப்படியே நின்றான். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"எப்பக்கா சாப்டீங்க?"

"எங்க சாப்ட்டேன்? அதத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

அவன் பட்டையைத் தட்டிப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். "பட்டைல பழுது ஒண்ணும் இல்ல. ஒங்க ஒடம்புதான் பசி இல்லன்னு சொல்லுது. சில சமயம் ரொம்ப சந்தோசமா இருந்தா பசி அடங்கும்னு படிச்சிருக்கேன். இந்த அளவுக்கா அடங்கும்னு எனக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "பச்ச எரியும்போது நான் கேட்டாலும் அது அனுப்பாதுக்கா. மணி நின்னு போச்சு, மாத்துறதுக்கும் காரணம் இல்ல." புதுப் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, பாதி வழியில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

உண்மையில் அவளுக்கும் பசி தெரியவில்லை. மேலெல்லாம் லேசாக, நன்றாகத்தான் இருந்தது. கலியபெருமாள் வந்து அவள் கையைப் பார்த்தார், பச்சை எரிவதைக் கண்டார், "ம்" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டார். சரி, அதுவே சொல்லிவிட்டது, இனி நாளைக்குத்தான் என்று அவளும் எழுந்தாள்.

மைமூன் வந்தாள். கையில் அவளுடைய சாயங்காலப் பொட்டலம், இன்னும் திறக்காதது.

"சாப்டியாடி தையலு?"

தையல்நாயகி சிரித்துக்கொண்டே வளையலை ஒதுக்கிக் கையை நீட்டினாள். "பாருங்க லாத்தா. பச்ச."

மைமூன் கையைப் பார்க்கவே இல்லை. "அத நான் கேக்கல. நீ சாப்டியான்னு கேட்டேன்."

தையல்நாயகி வாயைத் திறந்தாள். சாப்பிட்டேன் என்று இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள். அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கு வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"தெரியும்" என்றாள் மைமூன். "சட்டியச் சொரண்டிக் குடிச்சவளுக்கு அடுத்தவ மூஞ்சியப் பாத்தா தெரியாதா? ஒக்காரு."

பொட்டலத்தில் தன் பட்டையை வைத்துத் திறந்தாள். "அந்தத் தம்பிகிட்ட கேட்டுட்டேன். ரத்தத்துக்கு இரும்புச்சத்துதான் போட்டிருக்காம், ஒனக்கு ஒண்ணும் பண்ணாதாம்." உள்ளே இருந்தது கஞ்சி. ஒரு கரண்டி எடுத்துத் தையல்நாயகியின் வாயருகே நீட்டினாள். ருசி வேறாக இருந்தாலும் சூடு அந்த மாடியில் குடித்த கஞ்சியின் சூடாகவே இருந்தது. தையல்நாயகி விழுங்கினாள்.

விழுங்கின மறுநிமிஷம் வயிறு விழித்துக்கொண்டது. நேற்று ராத்திரியிலிருந்து சேர்ந்த பசி மொத்தமும் கிளம்பி வந்தது. வளையல்களுக்கு அடியில் பச்சை போய் மஞ்சள் வந்தது, மஞ்சள் போய்ச் சிவப்பும் வந்துவிட்டது. மேற்குப் பக்கம் பாதையில் ஆமை ஒன்று சரளைக்கல்லில் தடதடத்துக்கொண்டு வேகமாக வருவது கேட்டது.

"ஒங்களுக்குப் போட்டு முடிச்சுட்டேன்னு நெனச்சேன் லாத்தா" என்றாள் தையல்நாயகி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்ப மறுபடியும் ஒங்க கையால தின்னுட்டேனே. நாளைக்குத் திருப்பூர் போயிருவீங்க. நான் எங்க வந்து திருப்பிப் போடுவேன்?"

"திருப்பூருக்கு வா. புள்ளயத் தூக்கிக்கிட்டு வா" என்றாள் மைமூன். "வந்தா நீ ஒலை வை, நான் ஒக்காந்து திங்கிறேன். அப்புறம் நான் ஒனக்குப் போடுவேன். இன்னொரு வாய் வாங்கிக்க."

ஆமை வாசலில் வந்து நின்று, "தையல்நாயகி, உங்கள் உணவு" என்றது. தையல்நாயகி இரண்டாவது வாயையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்து போய் அதைத் திறந்தாள். பொட்டலத்தைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். உள்ளே இருந்தது வெறும் சோறு.